மிளகுக்குக் குறுக்கே ஒரு கோடு

அரசு அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்த ஒருவரைப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள அனுப்பக் கூடாது. கற்றுக்கொள்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. கற்றுக்கொடுக்கிறவருக்குத்தான் சேதம். இதை ஆதாரத்தோடுதான் சொல்கிறேன். ஆதாரம், நானே.

இரண்டாயிரத்து ஒன்று என்று நினைவு. கொல்லிமலையில், செம்மேட்டில், ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். (எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் கருவூலத்திலிருந்துதான் வருகிறது, அலுவலகத்திலிருந்து அல்ல. இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்பதில் தவறில்லை.) என் தம்பிக்கு மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் குச்சிக்கிழங்கும் சின்ன வெங்காயமுமாக விவசாயம். அவன் மகள் தமிழரசி சேலத்தில் கம்ப்யூட்டரில் படம் வரையவும் இணையப் பக்கம் வடிவமைக்கவும் படித்துவிட்டு வந்தாள். வந்தவள் வேலைக்குப் போகவில்லை. செம்மேட்டில் டீக்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, இரண்டு கம்ப்யூட்டர் வைத்து, டிசைன் சென்டர் என்று போர்டு மாட்டி, மாலையில் வகுப்பும் எடுத்தாள். தங்குவதற்கு என் குவார்ட்டர்ஸ் இருந்தது.

தம்பி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். பொங்கலுக்குள் வெளியாள் ஒருத்தராவது நம்பி ஒரு வேலை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டரை விற்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கம்ப்யூட்டரை விலைக்குக் கேட்டு ஆளும் வந்திருந்தான்.

"நீ போய் உக்காந்து பாருக்கா," என்றான் என்னிடம். "இது ஒரு தொழிலான்னே எனக்குப் புரியல. படம் வரையறதுக்கு எதுக்குக் கரண்ட்டு?"

அப்படித்தான் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் நான் மாணவியானேன். அரசு ஊழியர் எந்தப் படிப்பில் சேருவதானாலும் துறையின் முன் அனுமதி வேண்டும். உரிய வழியில் விண்ணப்பித்து, அனுமதி ஆணை வந்த பிறகே சேர்ந்தேன். ஆணையின் நகலைத் தமிழரசியிடம் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத நான் என்ன பண்ணோணுங்க அத்தை?" என்றாள்.

"கோப்புல வையி."

"கோப்பு இல்லீங்களே."

"அதுதான் பிரச்சினையே," என்றேன். (முதல் நாளே ஆசிரியையிடம் குற்றம் கண்டுபிடித்த திருப்தி எனக்கு.)

கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் எலியைப் பிடித்துத் திரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட வட்டம் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போய், ஆரம்பித்த இடத்துக்கு வரவே இல்லை.

"தப்பாப் போச்சுன்னா கண்ட்ரோலையும் இசட்டையும் சேத்து அழுத்துங்க. பழையபடி ஆயிரும்," என்றாள்.

"அப்ப அந்தத் தப்பு எங்க போகும்?"

"போயிருமுங்க."

"தடயமே இருக்காதா?"

"இருக்காதுங்க அத்தை. அதுக்குத்தானே இது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு தவறை எப்படித் திருத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரே கோட்டால் அடிக்க வேண்டும். அடித்தது கீழே படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும். சுரண்டினாலோ அழித்தாலோ விளக்கம் கேட்பார்கள். ஆகவே நான் அந்த இரண்டு பொத்தான்களையும் தொடவில்லை. கோணலான வட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எலியால் சுருக்கொப்பம் இட்டேன். அது நசுங்கிய மண்புழு மாதிரி வந்தது. அதையும் அடித்துவிட்டு, அந்த அடித்தலுக்கு இன்னொரு சுருக்கொப்பம் இட்டேன். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க மண்புழு.

ஒரே ஒரு பாடத்தில் மட்டும் நான் முதல் மாணவி. ஒரு படத்தை அடுக்கு அடுக்காக வைப்பது எப்படி என்று அவள் விளக்கியபோது பிள்ளைகள் விழித்தார்கள். எனக்கு உடனே பிடிபட்டது. குறிப்புக் கோப்பு அடியில், நடப்புக் கோப்பு மேலே, இடையில் அடையாளத்துக்குக் கொடிச் சீட்டு வைத்த பழைய கோப்பு. எதை உருவினால் எது தெரியும் என்று நான் சொன்னதும், "அத்தை கரெக்டாச் சொல்லிப்போட்டாங்க!" என்று கைதட்டினாள். அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

இணையப் பக்கப் பாடம் வந்தது. அவரவர் ஊரைப் பற்றி ஒரு பக்கம் செய்யச் சொன்னாள். பிள்ளைகள் அருவி, மிளகுக்கொடி, வாசலூர்பட்டிப் படகு என்று வைத்தார்கள். என் பக்கம் இப்படித் தொடங்கியது:

"பொருள்: கொல்லிமலை – இயற்கை அழகு – இணையத்தில் வெளியிடுதல் – தொடர்பாக.
பார்வை: பயிற்றுநரின் வாய்மொழி உத்தரவு."

அதற்குக் கீழே மேலிருந்து அடிவரை எழுத்து. இடைவெளியே இல்லை. ஒரு வரி சிவப்பில் வலமிருந்து இடம் ஓடியது. ஒரு வரி அணைந்து அணைந்து எரிந்தது.

தமிழரசி பார்த்தாள். "முகம் கழுவிட்டு வாரேன்," என்று வெளியே போனாள். வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் சிரிக்கவில்லை. அந்தப் பண்பு அவள் தாய் வழியில் வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரிடமும் கிடையாது.

"அத்தை, எல்லாத்தையும் இப்படி ரொப்பி வெச்சா பாக்கறவங்க கண்ணு எங்க போய் உக்காருமுங்க? கொஞ்சம் சும்மா விடுங்க."

"காலி இடம் விட்டா எவனாச்சும் எதையாச்சும் எழுதிப்போடுவான் கண்ணு."

"இன்டர்நெட்டுல யாருங்க அத்தை பேனா எடுத்துட்டு வரப்போறாங்க?"

அவள் சின்னப் பெண், உலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துக்கும் அதற்கு மேலிருந்த வரிக்கும் நடுவே விட்ட இடத்தில் பின்னால் ஒரு வரி முளைத்து, அதனால் ஒரு குடும்பமே நிலத்தை இழந்த கோப்பை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எந்தத் தாளிலும் மிச்சமிருக்கும் இடத்தில் குறுக்காக இரண்டு கோடு இழுத்து, "இதற்குக் கீழ் எழுத்து இல்லை" என்று எழுதி, சுருக்கொப்பமிடுவோம். இது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி.

மார்கழி பிறந்தது. வேலை எதுவும் வரவில்லை. தம்பி ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தான். அப்போதுதான் வாழவந்தி நாட்டு மிளகு விவசாயிகள் சங்கத்தின் தலைவர் சடையன் மாடியேறி வந்தார்.

"ஏனுங்க, மிளகுப் பாக்கெட்டுக்கு அட்டை போடுவீங்களாம். ஒரு வெப்சைட்டும் வேணுமுங்க. சேலத்துல ஒருத்தரு 'உங்களுக்கு வெப்சைட் இருக்குதா'ன்னு கேட்டாரு. இருக்குதுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டனுங்க."

தமிழரசி சிரித்தாள். "மாதிரி செஞ்சு காட்டறனுங்க. சங்கத்துக்குப் பிடிச்சா மட்டும் குடுங்க."

சங்கம் தை பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாசலூர்பட்டியில் கூடுவதாக முடிவானது.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு மிளகுச் சரத்தைப் பறித்து வந்து தண்ணீர் டம்ளரில் வைத்துக்கொண்டாள். திரையில் ஒவ்வொரு மணியாக வரைந்தாள். எல்லா மணியும் ஒரே பச்சை இல்லை. ஒன்று இலைப்பச்சை, ஒன்று மஞ்சள் ஓடியது, நடுவில் ஒன்றிரண்டு பழுத்துச் சிவந்தது. ஒரு மணியின் ஒளியைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. கரண்ட் போய் எல்லாம் அழிந்தபோது அவள் கோபப்படவில்லை. டம்ளரில் தண்ணீர் மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கரண்ட் வந்ததும் மறுபடி முதல் மணியிலிருந்து ஆரம்பித்தாள். எத்தனையோ அதிகாரிகளுக்குக் கீழே வேலை செய்திருக்கிறேன். அந்தப் பொறுமையை ஒருவரிடமும் பார்த்ததில்லை.

முடிந்த அட்டையில் இடப்பக்கம் அந்தச் சரம் மட்டும் மேலிருந்து தொங்கியது. அடியில் சின்ன எழுத்தில் "கொல்லிமலை மிளகு". மற்றதெல்லாம் வெள்ளை.

அந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்க என் கை தானாகப் பேனாவைத் தேடியது.

கலர் அச்சு நாமக்கல்லில்தான் போட முடியும். சனிக்கிழமை எனக்கு அங்கே ஆய்வுக் கூட்டம் இருந்தது. பிளாப்பியை என் கையில் கொடுத்து, "அப்படியே அடிச்சு வாங்கிட்டு வாங்க போதும். ஒண்ணும் மாத்த வேண்டாமுங்க," என்றாள். மாற்ற வேண்டாம் என்றுதான் சொன்னாள். பாதுகாப்புச் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. (விதிகளை இப்படிப் படிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.)

அச்சகத்தில் திரையில் அட்டை வந்தது. பாதிக்கு மேல் வெள்ளை. யார் கைக்கும் போகக்கூடிய தாள். நான் ஆபரேட்டரிடம் சொன்னேன்.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மேடம், மிளகுக்குக் குறுக்கேயா கோடு?"

"மிளகுக்குப் பக்கத்துல. காலி இடத்துல. ரெண்டு கோடு."

"சாய்வா வந்தா கொஞ்சம் மிளகு மேல படுமுங்க."

"பட்டாப் பரவாயில்லை. கீழே தெரியணும். நடுவுல 'இதற்குக் கீழ் எழுத்து இல்லை'ன்னு போடுங்க. மேலே இடம் இருக்குதே, 'பொருள்: மிளகு – விற்பனை – தொடர்பாக'ன்னு ஒரு வரி."

"டிசைன் பண்ணவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டறலாமுங்களா?"

"அவசியமில்லை," என்றேன், அதிகாரமாக. என் சுருக்கொப்பத்தையும் ஒரு தாளில் போட்டுக் கொடுத்து, ஸ்கேன் செய்து மூலையில் வைக்கச் சொன்னேன்.

அதோடு விட்டிருந்தால் வீட்டுக்குப் போனதும் தமிழரசி பார்த்திருப்பாள். விடிவதற்குள் ஏதாவது வழி செய்திருப்பாள். ஆனால் நான் முறை தெரிந்தவள். சங்கம் முடிவெடுக்க வேண்டிய மாதிரியை முன்கூட்டி யாரும் பார்த்தால் நாளைக்குப் பேச்சு வரும். எனவே அச்சிட்டதை உறையில் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்து, "உறுப்பினர்கள் முன்னிலையில் மட்டும் பிரிக்கப்பட வேண்டியது" என்று எழுதிவிட்டேன்.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு ஒட்டிர்றனுங்க அத்தை," என்று கெஞ்சினாள்.

"சீல் உடைச்சா அது சீலே இல்ல கண்ணு," என்றேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டுக் கட்டடத்தில் சங்கம் கூடியது. கீழேயிருந்து முதல் பஸ்ஸில் தம்பியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் கேட்டவனின் போன் நம்பர் சட்டைப்பையில் இருந்தது. தமிழரசி புதுச் சுடிதார் போட்டிருந்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து, அரக்கு உடையாமல் இருப்பதை எல்லோருக்கும் காட்டி, உறையைச் சடையனிடம் கொடுத்தேன். அவர் பிரித்தார். பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். தாள் கைமாறிக்கொண்டே போனது. ஒவ்வொருவரும் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார்கள். (அசந்துபோய் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.)

பாப்பாயி என்று ஓர் உறுப்பினர். சங்கத்தில் அவர் தோட்டத்து மிளகுதான் நல்ல மிளகு என்று எல்லோரும் சொல்வார்கள். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏஞ்சாமி, எங்க மிளகைத் தள்ளுபடி பண்ணிட்டீங்களா?"

தமிழரசி தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் விரல் ஒரு மணியின் மேல் போய் நின்றது. அவள் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒளி கொடுத்த அந்த மணியின் மேலேயே என் கோடு ஏறியிருந்தது.

சடையன் என் பக்கம் திரும்பினார். "மேடம், இந்தக் கோடு எங்களுக்கு நல்லாத் தெரியுமுங்க. ரோடு கேட்டு மனுக் குடுத்தோம், கோடு போட்டு வந்துச்சு. பட்டா கேட்டோம், கோடு போட்டு வந்துச்சு. கடைசியா மிளகு குடுத்தோம். அதுக்குமா கோடு?"

கட்டடமே சிரித்தது. நான் விதியை விளக்க வாயெடுத்தேன். அது காலி இடத்துக்கான கோடு, நிராகரிப்புக்கான கோடு வேறு, இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று. "ரெண்டும் ஒரே பேனாவுலதானுங்களே போடறீங்க?" என்றார் பாப்பாயி. உட்கார்ந்துவிட்டேன்.

பின்வரிசையில் தம்பி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அப்போது தமிழரசி எழுந்தாள். என் மேல் புகார் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் எழுத்துமூலம் கொடுத்திருப்பேன்.

"கோடு தப்புங்க. படம் தப்பில்லீங்க," என்றாள். "அண்ணா, உங்க துண்டக் கொஞ்சம் குடுங்க."

சடையன் தோளில் இருந்த வெள்ளைத் துண்டைக் கொடுத்தார். அதை மேசையில் ஒரு பக்கம் விரித்தாள். இன்னொரு பக்கம் என் தாளை வைத்தாள். வெளியே போய், வாசலில் சவுக்கு மரத்தில் படர்ந்திருந்த கொடியிலிருந்து இரண்டு மிளகுச் சரம் பறித்து வந்தாள். துண்டின் மேல் ஒன்று. என் கோட்டுக்கும் எழுத்துக்கும் சுருக்கொப்பத்துக்கும் நடுவே ஒன்று.

"பாப்பாயி அக்கா, நீங்க அந்த வாசப்படியில போய் நில்லுங்க. கடையில அலமாரி அவ்வளவு தூரத்துலதான் இருக்கும். இப்பச் சொல்லுங்க, எது கண்ணுக்குத் தெரியுது?"

பாப்பாயி வாசலுக்குப் போய்ப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"துண்டு மேல இருக்கறது ஒவ்வொரு மணியும் தெரியுது. காகிதத்து மேல இருக்கறது கோர்ட்டுல கைகட்டி நிக்கிற மாதிரி நிக்குது."

ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்குப் போய் நின்று பார்த்தார்கள். ஓட்டுப்போட நிற்பது மாதிரி வரிசை. கடைசியில் தம்பியும் போய் நின்றான். ரொம்ப நேரம் பார்த்தான். நானும் போனேன். இருபத்து மூன்று வருடமாக நான் அடித்து மூடிய வெள்ளையை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்தத் துண்டின் மேல் கிடந்த சரம், கொடியில் தொங்கியபோது இருந்ததைவிட அழகாக இருந்தது. யாரும் அதில் எதுவும் செய்யவில்லை. சும்மா விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

"கோடு இல்லாமப் போட்டுக் குடுப்பீங்கன்னா வேலை உங்களுக்குத்தான் கண்ணு," என்றார் சடையன். "வெப்சைட்டும் இதே மாதிரி வெள்ளையா இருக்கோணும்."

தீர்மானம் எழுத வேண்டும். "மேடம் நல்லா எழுதுவாங்க," என்று யாரோ குறும்பாகச் சொல்ல, புத்தகம் என்னிடம் வந்தது. என் கையாலேயே எழுதினேன்: "அட்டையிலும் இணையப் பக்கத்திலும் யாதொரு கோடும் போடப்படலாகாது எனத் தீர்மானிக்கப்பட்டது." எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. என் பேனா காற்றில் நின்றது. சங்கமே பேனா முனையைப் பார்த்தது. தமிழரசியும் பார்த்தாள்.

பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன். கைதட்டினார்கள். என் பணிக்காலத்தில் எதுவும் செய்யாமல் இருந்ததற்காகக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். (எதுவும் செய்யாமல் இருந்த மற்ற சந்தர்ப்பங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.)

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தம்பி சட்டைப்பையிலிருந்து போன் நம்பர் எழுதிய சீட்டை எடுத்துக் கிழித்துப்போட்டான். "புள்ள பொழைச்சுக்குவா. உனக்குத்தான் இன்னும் ஒரு வருசம் படிப்பு வேணுமாட்ட இருக்குதுக்கா."

படித்தேன். வெப்சைட் வேலையில் எனக்கும் ஒரு பொறுப்பு கிடைத்தது. எந்த இணைப்பை அழுத்தினால் எந்தப் பக்கம் போகிறது என்று சரிபார்ப்பது. கோப்பில் பார்வை எண் சரிபார்க்கிற மாதிரிதான், ஒன்றும் தப்பவிடவில்லை. பக்கம் தயாரான அன்று சங்கத்துக்காரர்கள் டீக்கடை மாடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். போன் வயர் வழியாகப் படம் மெல்ல மெல்ல வந்தது. முதலில் காம்பு, அப்புறம் ஒரு மணி, அப்புறம் இன்னொன்று என்று மிளகுச் சரம் மேலிருந்து கீழே இறங்கியது. "வருது, வருது," என்றார் பாப்பாயி, ஏதோ தன் தோட்டத்தில் காய்ப்பதைப் பார்ப்பது போல. முழுதும் இறங்கி முடிய ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. சுற்றிலும் வெள்ளை. யாரும் எதுவும் எழுதவில்லை.

தமிழரசி இப்போது பெரிய டிசைனர். அந்த அட்டை கொஞ்சமும் மாறாமல் இன்றைக்கும் கடைகளில் இருக்கிறது. ஒருமுறை ஒரு கடைக்காரர் அந்த வெள்ளை இடத்தில் நட்டநடுவே விலைச் சீட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்து, கடையிலிருந்தே அவளுக்குப் போன் செய்தேன். "பாத்தியா, காலி இடம் விட்டா எவனாச்சும் வந்துருவான்னு சொன்னேனா இல்லையா?" மறுமுனையில் தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. முகம் கழுவப் போயிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை எது அச்சானாலும், "அத்தை கண்ணுல காட்டாதீங்க, அடிச்சுப்போடுவாங்க," என்பது வழக்கமாகிவிட்டது. நான் ஓய்வு பெற்ற அன்று தமிழரசி கேக் செய்துகொண்டு வந்தாள். பெரிய வெள்ளைக் கேக். இடப்பக்கம் ஒரு மிளகுச் சரம், பச்சை கிரீமில் மணி மணியாக. மிச்ச இடத்தில் குறுக்காக இரண்டு கோடு. நடுவில் "இதற்குக் கீழ் வேலை இல்லை". மூலையில், மண்புழு மாதிரி, அச்சு அசலாக என் சுருக்கொப்பம்.

கத்தியைக் கொடுத்தார்கள். எங்கே வெட்டுவது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிளகைத் தொடாமல், கோட்டை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, முதல் துண்டாக நானே தின்றேன்.